மூன்றாம் தவணை எங்கே போயிற்று?

ஐயா, வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாமில் வீடுதோறும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் வழங்கப்படும் செய்தியைப் படித்தேன். நல்ல பணிதான், ஆனால் அவை நோய் வந்த பிறகு உதவுபவை. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸைத் தடுக்க, தமிழகத்தில் 2017 முதல் இலவசமாகத் தரப்படும் சொட்டு மருந்தை 6, 10, 14ஆவது வாரங்களில் குழந்தை முழுமையாகப் பெற்றதா என்றும் அதே வாசலில் விசாரிக்கலாமே!

என் பேத்திக்கு இரண்டு தவணைகள் எங்கள் ஊரில் கொடுக்கப்பட்டன. மூன்றாவதற்குள் மகள் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். போலியோ சொட்டுதான் கொடுத்தாயிற்றே என்று நாங்களும் இருந்துவிட்டோம். இரண்டும் வேறு என்பது, அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசி அட்டையைப் பார்த்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. தாயும் சேயும் ஊர் மாறும்போது, அடுத்த தவணைத் தேதியை அங்குள்ள செவிலியருக்குத் தெரிவிப்பதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகர், திண்டிவனம்