இரு குடும்ப மரங்களை இணைக்கும் முன்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகனுக்கு,

ரொறன்ரோவிலிருந்து நீ அனுப்பிய ஜெட்கொம் கோப்பு, அதாவது குடும்ப மரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற உதவும் கோப்பு, கிடைத்தது. கிராம்ப்ஸ் என்ற குடும்ப மர மென்பொருளில் நான் வளர்த்துவரும் மரத்துக்குள் அதை நேரே இறக்காமல், வெற்று மரம் ஒன்றைத் திறந்து அதில் இறக்கிப் பார்த்தேன். இறக்கும் வேளையில் அந்த மென்பொருள் எவரையும் எவரோடும் இணைப்பதில்லை. ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பக்கத்தில் அதே ஆட்களை இன்னொரு தடவை கொண்டுவந்து நிறுத்திவிடும்.

இரட்டித்தவர்களைத் தேடித் தரும் கருவி காட்டுவதையெல்லாம் ஒரேயடியாக இணைத்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். பெயர்களை ஒப்பிட அதில் உள்ள சவுண்டெக்ஸ் முறை, அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்றது. ஆங்கில எழுத்தில் உள்ள பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்து, பின்வரும் மெய்யொலிகளை மூன்று இலக்கங்களாக்கும். உன் அப்பப்பா செல்லையாவின் பெயரை நீ 'சீ'யில் தொடங்கியிருக்கிறாய், நான் 'எஸ்'ஸில் தொடங்கியிருக்கிறேன். இலக்கங்கள் ஒன்றாகவே வந்தாலும் முதலெழுத்து வேறு. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயரின் இடத்தில் தகப்பன் பெயர்தானே நிற்கிறது? ஆகவே அவருடைய பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தக் கருவியின் கண்ணுக்கு வேறு குடும்பத்தவராகிவிட்டார்கள். மறுபுறம், பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கத்தால், பிறந்த ஆண்டு இல்லாத இரண்டு கந்தையாக்களை ஒரே ஆள் என்று காட்டுகிறது. அவர்களை இணைத்தால் மனிதர் தமக்குத் தாமே பாட்டனாகிவிடுவார்!

அப்பப்பாவின் பிறந்த ஆண்டும் நம்மிருவரிடமும் ஒத்துவரவில்லை. சாதக ஓலையில் விரோதிகிருது வருடம், தை மாதம் என்று இருக்கிறது. நீ வருடப் பெயரை மட்டும் மாற்றி 1911 என்று இட்டிருக்கிறாய். அந்த வருடம் 1911 சித்திரையில் பிறந்து 1912 பங்குனியோடு முடிவது. அதன் தை மாதம் 1912 ஜனவரி நடுப்பகுதியில்தான் தொடங்குகிறது. ஓலையிலிருந்து நீ எடுத்த மற்ற ஆண்டுகளையும், முக்கியமாக தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுடையதை, இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

எனவே ஒவ்வொருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெற்றோரும் துணையும் பிள்ளைகளும் பொருந்துகிறார்களா என்று பார்த்த பிறகே இணைக்கப் போகிறேன். முதன்மையாகத் தெரிவுசெய்யும் பதிவின் பெயர் மேலே நிற்க, மற்றது மாற்றுப் பெயராகக் கீழே தங்கிவிடும் என்பதால் உன் எழுத்துக்கூட்டலும் அழிந்துபோகாது. அப்பப்பாவும் அப்பம்மாவும் மச்சான் மச்சாள் முறையில் மணம் முடித்தவர்கள் ஆதலால், ஒரே தம்பதியர் இரு கிளைகளிலும் வருவார்கள். அதைப் பிழையென்று எண்ணிப் பிரித்துவிடாதே.

இணைப்பு முடியும்வரை உன் கோப்பில் புதிதாக எதையும் சேர்க்காதே. சேர்க்க வேண்டியவற்றைத் தனியாக எழுதி அனுப்பு. லண்டன் பெரியம்மாவின் மகளுக்குக் கொடுக்கும் பிரதியில், இப்போது உயிரோடு இருப்பவர்களின் விபரங்களை நீக்கிவிட்டே கொடுப்போம். உன் சித்தப்பாவிடம் அப்பப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்குமானால், இரு பக்கங்களையும் ஸ்கான் செய்து அனுப்பச் சொல். அதில் வேறு திகதி இருந்தால், ஓலையையும் பத்திரத்தையும் தனித்தனி ஆதாரமாகக் காட்டி இரண்டையும் பதிந்துவைப்பேன்.

அன்புடன்,
அம்மா