“என்கிட்ட என்னப்பா இருக்கு?”

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். இருபத்தேழு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று எழுதுகிறேனே என்று அம்மா சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இன்சூரன்ஸ் உண்டு, எடுத்துவிட்டாயா என்று கேட்டேன். “என்கிட்ட என்னப்பா இருக்கு? திருடன் வந்தாலும் பாவம் பார்த்து ஏதாவது வைத்துவிட்டுத்தான் போவான்” என்றாய். நானும்தான் சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டாவது நிமிடத்தில் “சரிப்பா, பார்க்கிறேன்” என்பாய். உன் “பார்க்கிறேன்” எதில் போய் முடியும் என்று உன் பத்தாம் வகுப்பிலிருந்தே எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

30 வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். “என்ன இருக்கிறது” என்று யாராவது கேட்டால், ஸ்டாக் எடுக்காமல் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வீடியோ காலில் என் கண்ணில் பட்டதை மட்டும் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லேப்டாப், போன், காதில் மாட்டிக்கொண்டே இருக்கிறாயே அந்த ஹெட்போன், கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மேஜை, நாற்காலி. இவ்வளவுதானே என்பாய். அலமாரியைத் திறந்து பார். உடுப்புகளை எண்ணு. செருப்பு, ஷூ எத்தனை ஜோடி? பவர் கண்ணாடி ஒன்றா, இரண்டா? சமையலறை இழுப்பறைகளில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றும் வாங்கும்போது சின்னத் தொகைதான், அதனால் நினைவில் நிற்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் புதிதாக வாங்க வேண்டி வந்தால் எத்தனை மாதச் சம்பளம் போகும் என்று கூட்டிப் பார். கூட்டி முடித்துவிட்டு, “என்கிட்ட என்ன இருக்கு” என்று இன்னொரு தடவை கேள்.

ஓனர்தான் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறாரே என்பது உன் அடுத்த பதில். எனக்கும் ஒரு காலத்தில் அதே நினைப்புதான் இருந்தது. உனக்கு அப்போது மூன்று வயது. இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து கதவைத் திறந்தால், மேல் வீட்டுக் குழாய் உடைந்து, கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டில்மேல் கிடந்தது. மெத்தையைக் கையால் அழுத்தினால் தண்ணீர் வந்தது. ஓனரின் இன்சூரன்ஸில் கூரையைச் சரிசெய்து பெயிண்டும் அடித்துக் கொடுத்தார்கள். கட்டிலும் மெத்தையும் புத்தகங்களும் என்ன ஆகும் என்று கேட்டேன். பார்வையிட வந்தவர் நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: “அதெல்லாம் உங்க பொருள் சார். இந்தப் பாலிசியில வராது.”

அம்மாவின் டிகிரிச் சான்றிதழில் ஒரு ஓரத்தில் நீலம் படர்ந்திருக்குமே, “அம்மா பெயிண்ட் அடிச்சாங்களா?” என்று நீ கேட்டாயே, அது அந்த வாரம் நடந்தது. இரண்டு துண்டுகளுக்கு நடுவில் ஒவ்வொரு தாளாக வைத்து, அயர்ன் பாக்ஸைச் சூடு குறைத்து, இரவு முழுக்கத் தேய்த்தாள். எழுத்து பிழைத்தது, முத்திரை மை பரவிவிட்டது.

ஓனருடைய பாலிசி கட்டடத்துக்கானது. சுவர், கூரை, அவர் பொருத்திக் கொடுத்த சாமான்கள், அதோடு சரி. உள்ளே இருக்கும் உன் பொருளுக்கு நீதான் தனியாக எடுக்க வேண்டும்.

இது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை. 1666-ல் லண்டன் நான்கைந்து நாள் பற்றி எரிந்ததில் ஏறத்தாழ 13,200 வீடுகள் சாம்பலாயின. அந்தக் காலக் குத்தகைப் பத்திரங்கள் பலவற்றின்படி, எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டித் தர வேண்டியவர் குடியிருந்தவர்தான். வாடகையும் நிற்காது. வீடும் போய், சாமானும் போய், கடனும் தலையில்! இந்த வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே 1667-ல் தனியாக ஒரு நீதிமன்றம் உட்கார்ந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தீ இன்சூரன்ஸ் அங்கே தொழிலாகவே வந்துவிட்டது, ஆனால் கட்டடத்துக்குத்தான். உள்ளே இருக்கும் சாமானையும் சேர்க்கலாம் என்பது 18-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் வந்தது. குடியிருப்பவன் நினைப்பு எப்போதும் கடைசியில்தான் வரும் போலிருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பயப்பட வேண்டியது திருடனுக்குக்கூட இல்லை, உன் வாஷிங் மெஷினின் பின்னால் இருக்கும் அந்த ரப்பர் குழாய்க்கு. நீ ஆபீஸில் இருக்கும் நேரத்தில் அது பிய்த்துக்கொண்டால், தண்ணீர் உன் தரையோடு நிற்காது. கீழ் வீட்டுக் கூரை, அவர்கள் டி.வி., மர வேலை எல்லாவற்றையும் கெடுக்கும். உன் கவனக்குறைவு என்று முடிவானால் அத்தனைக்கும் நீ பொறுப்பு. பல இடங்களில், கட்டடத்தின் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் ஓனருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை வசூலிக்க உன்னைத் தேடி வரும். மேல் வீட்டுக்காரர்மேல் அன்றைக்கு நாங்கள் பட்ட கோபம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீ இப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறாய், உனக்கும் கீழே ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிப் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்பை ஏற்கும் பகுதி நல்ல வாடகைதாரர் பாலிசியில் இருக்கும். அதற்கு ‘லயபிலிட்டி’ என்று பெயர். உன் சாமான்களுக்கு எல்லை உண்டு, எவ்வளவு போனாலும் உன்னிடம் இருப்பதுதான் போகும். அடுத்தவர் நஷ்டத்துக்கு அப்படி எல்லை கிடையாது. பிரீமியத்தைக் குறைக்க எதை வெட்டினாலும் இதை மட்டும் வெட்டாதே.

இன்னொரு பகுதி, வீடு குடியிருக்க முடியாமல் போனால் தற்காலிகமாகத் தங்கும் செலவு. நமக்குக் கூரை விழுந்தபோது பதினோரு நாள் லாட்ஜில் இருந்தோம். உனக்கு அந்த லிஃப்ட்டில் ஏறி இறங்குவது கொண்டாட்டமாக இருந்தது. எனக்கு ஒவ்வொரு ராத்திரியும் மீட்டர் ஓடுகிற மாதிரி இருந்தது.

பாலிசியை எடுப்பதற்கு முன்னால் எதெல்லாம் வராது என்ற பக்கத்தைப் படி. விளம்பரத்தில் வருவது மற்ற பக்கம். தீ, புகை, திருட்டு, குழாய் உடைப்பு போன்றவை பொதுவாக வரும். வெள்ளமும் நிலநடுக்கமும் சில நாடுகளில் சேர்ந்தே வரும், சில நாடுகளில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தேய்மானம், எலி, கரையான், பூஞ்சை இவற்றுக்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள். நகைக்கும் ரொக்கத்துக்கும் ஒரு சின்ன உச்சவரம்பு இருக்கும். அம்மா உனக்குக் கொடுத்த சங்கிலி அதற்குள் அடங்காது, மதிப்புச் சீட்டோடு தனியாகப் பதிவு செய்யச் சொல். சில நாள் வீட்டிலிருந்தும் வேலை செய்கிறாயே, அந்தத் தொழில் கருவிகள் சேருமா என்றும் கேள். வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ பூட்டிக் கிடந்தால் திருட்டுக்கும் தண்ணீர்ச் சேதத்துக்கும் தர மாட்டோம் என்று பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். நீண்ட லீவில் இங்கே வருகிறவள் நீ, உனக்கு அந்த வரி முக்கியம். அப்புறம், உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணின் பொருள்கள் உன் பாலிசியில் தானாக வராது. பெயர் சேர்க்க முடிந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் அவள் தனியாக எடுக்கட்டும். நஷ்டம் வந்த நாளில் தோழியோடு மனக்கசப்பு வேண்டாம்.

ஒரு கேள்வியை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கு: பழைய பொருளுக்குப் புதுப்பொருள் விலை தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா? 5 வருஷம் உழைக்கும் என்று கணக்கிட்ட லேப்டாப் மூன்றாம் வருஷ முடிவில் எரிந்துபோனால், வருஷத்துக்கு ஒரே அளவாகக் கழிக்கும் நேர்கோட்டுத் தேய்மானத்தில் 100-க்கு 40 தான் கைக்கு வரும். மீதி 60-ஐ நீ போட்டால்தான் புதிது. புதுப்பொருள் விலை தரும் பாலிசிக்குப் பிரீமியம் கூடுதல்தான். கட்டுப்படியானால் அதையே எடு.

கட்டுப்படியாகுமா என்பதுதானே உன் பிரச்சினை. மாசக் கடைசியில் உன் குரலே மாறிவிடுவது எனக்குத் தெரியாமல் இல்லை. நான் பணம் அனுப்புகிறேன் என்றாலும் வேண்டாம் என்பாய். அதனால் உன் வரவுக்குள்ளேயே வழி பார்ப்போம்.

முதலில், போனுக்கு என்று மாதாமாதம் ஒரு இன்சூரன்ஸ் கட்டுகிறாய், ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நீட்டித்த வாரண்டி வாங்கியிருக்கிறாய். கடைக்காரர் பில் போடும்போதே சேர்த்துவிட்டது, இல்லையா? அந்த மூன்றையும் கூட்டிப் பார். உடைந்தால் உன் சம்பளத்திலேயே சமாளிக்கக்கூடிய பொருளுக்குப் பாதுகாப்பு வாங்கிவிட்டு, சமாளிக்கவே முடியாததைத் திறந்து போட்டிருக்கிறாய். ரத்து செய்யக்கூடியதை ரத்து செய். பெரும்பகுதி அங்கிருந்தே கிடைக்கும் என்பது என் ஊகம்.

அடுத்தது டிடக்டிபிள், அதாவது எந்த கிளெய்மிலும் முதலில் நாம் போட வேண்டிய பங்கு. அதை உயர்த்தினால் பிரீமியம் குறையும். ஆனால் உன் அவசரச் சேமிப்பில் எவ்வளவு இருக்கிறதோ அதைத் தாண்டி உயர்த்தாதே. எப்படியும் சின்னச் சேதத்துக்கெல்லாம் கிளெய்ம் போடக் கூடாது, அடுத்த புதுப்பிப்பில் பிரீமியத்தை ஏற்றிவிடக்கூடும்.

மாதத் தவணையில் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் ஒளிந்திருக்கும். முடிந்தால் வருஷத்துக்கு ஒரே தடவை கட்டு. போனஸ் வரும் மாதத்தில் ஆரம்பித்தால் ஒவ்வொரு வருஷமும் அதே மாதம் வரும், பாரமாகத் தெரியாது. உன் வண்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடமே இதையும் கேட்டுப் பார், இரண்டையும் சேர்த்து எடுத்தால் சலுகை தருவது வழக்கம். ஆபீஸில் குழுச் சலுகை இருக்கிறதா என்று எச்.ஆரிடம் விசாரி. புகை அலாரம், நல்ல பூட்டு இவற்றுக்கும் சிலர் குறைப்பார்கள். அலாரத்தை எப்படியும் மாட்டு, சலுகை தராவிட்டாலும் மாட்டு. மூன்று கம்பெனியிலாவது விலை கேட்காமல் கையெழுத்துப் போடாதே.

பிரீமியம் குறையும் என்று சாமான்களின் மதிப்பை மட்டும் குறைத்துச் சொல்லிவிடாதே. சில பாலிசிகளில், உள்ள மதிப்பில் பாதிக்குத்தான் இன்சூர் செய்திருந்தால், சின்ன நஷ்டத்திலும் பாதிதான் தருவார்கள். நஷ்டம் முழுவதும் பாலிசித் தொகைக்குள் அடங்கினாலும் இந்தக் கணக்குதான். ஸ்டோரில் எங்கள் கம்பெனியே ஒருமுறை இதில் மாட்டிக்கொண்டது. ஸ்டாக் லெட்ஜரைத் தூக்கிக்கொண்டு நான்தான் நாலு நாள் அலைந்தேன். விண்ணப்பத்தில் கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி எழுது. இரண்டு பேர் இருக்கிறீர்கள் என்றால் இரண்டு.

ஒருவேளை எதாவது நடந்துவிட்டால், முதல் வேலை வால்வை மூடுவது, மெயினை அணைப்பது. பிறகு போட்டோ. பிறகு கம்பெனிக்குப் போன், திருட்டென்றால் போலீஸ் புகாரும். நனைந்த மெத்தையை அவர்கள் வந்து பார்ப்பதற்குள் தூக்கிப் போடாதே. நான் தூக்கிப் போட்டேன். வாடை தாங்கவில்லை.

இன்றைக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், அதற்குக் காசு வேண்டாம். போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் கதவிலிருந்து ஆரம்பி. ஒவ்வொரு அறை, ஒவ்வொரு அலமாரி, ஒவ்வொரு இழுப்பறை. பெரிய சாமான்களின் பின்பக்கத்தில் இருக்கும் சீரியல் நம்பர் தெளிவாகத் தெரியட்டும். பில் இருந்தால் அதையும் படம் எடு. அந்த வீடியோ உன் போனில் மட்டும் இருந்தால் போனோடு போய்விடும், அதனால் எனக்கு அனுப்பு. நான் லெட்ஜரில் ஏற்றி வைக்கிறேன், புது நோட்டு வாங்கியாகிவிட்டது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் அந்தக் குழாயை எடுக்கும்போது கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய்க் காட்டு, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள், நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா