கட்டடம் சரி, வீதி எப்படி?

ஆசிரியருக்கு,

கார்ப் பந்தய கேம்கள் பற்றிக் கடந்த வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைக் கிளிநொச்சியில் அக்கா வீட்டில் வைத்து வாசித்தேன். ஹோட்டல்களும் துறைமுகமும் அப்படியே இருப்பதால் கேமில் வரும் மொனாகோ நகரப் பந்தயப் பாதை அச்சு அசல் என்று எழுதியிருந்தது. 2010 இலிருந்து வீதி வேலையில் மேடு பள்ளம் அளந்து மட்டம் பார்ப்பவன் என்பதால் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

மாங்குளம் பக்கத்து வீதிகளில் மதகுக்கு இரு பக்கமும் நிரப்பிய மண் காலப்போக்கில் இறங்கிவிடும், மதகு மட்டும் மேலே நிற்கும். படம் எடுத்துப் பார்த்தால் நேர் வீதி. மோட்டார்சைக்கிளில் பின்னுக்கு இருந்து போன ஆளைக் கேளுங்கள், எந்த மதகு என்று சொல்லுவார்.

மொனாகோவும் பஸ் ஓடும் ஊர் வீதிதான். 3.337 கிலோமீற்றர் சுற்றுக்குள் தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் ஏறத்தாழ 40 மீற்றர் வித்தியாசம். தொலைக்காட்சியில் அந்த ஏற்றம் பாதிகூடத் தெரியாது. கசினோ சதுக்கம் தாண்டி இறங்கும் இடத்தில் வீதி புடைத்திருக்கும். போர்முலா வன் ஓட்டுநர்கள் அதில் ஏறாமல் காரை வெட்டி விலத்துவதை வருடா வருடம் பார்க்கிறோம்.

கேம் விளையாடும் மருமகனிடம் அந்த இடத்தில் காரை நேரே விடச் சொன்னேன். விட்டான். ஸ்டியரிங் ஒரு சொட்டும் உதறவில்லை.

"மாமா, இதில எல்லாரும் நேரதான் போறவை" என்றான்.

ஜன்னல் ஜன்னலாகக் கட்டடத்தை வரைந்தவர்கள் வீதியை மேசைபோல் விரித்துவிட்டார்கள். வீதியின் நடு எவ்வளவு உயர்வு, ஓரம் எவ்வளவு சரிவு என்பதில்தான் டயரின் பிடி இருக்கிறது. சரியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஐரேசிங் என்ற கேம் அமெரிக்காவின் லோங் பீச் நகர வீதிகளை லேசரால் அளந்து செய்தது. 2025 இல் வந்த எஃப்1 25 கேமிலும் மெல்பேர்ன், மயாமி உட்பட ஐந்து பாதைகள் அப்படி அளந்தவை. லேசர் கருவி இலட்சக்கணக்கான புள்ளிகளின் உயரத்தை எடுத்துவிடும். நான் ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடித்து ஒரு நாள் முழுக்க வெயிலில் எடுக்கும் மட்டங்கள் அதற்குக் கால்வாசி நிமிட வேலையும் இல்லை.

அடுத்த முறை மொனாகோ பற்றி எழுதுபவர் தயவுசெய்து கசினோவுக்குக் கீழே ஒருதரம் நேரே விட்டுப் பார்த்து, கையில் என்ன தெரிந்தது என்றும் எழுதட்டும்.

வாசகர் ஒருவர்,
மாங்குளம்.