சிவப்புச் சட்டை

அன்பு மக்களே,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே மழை விடவில்லை. ரப்பர் வெட்டி பத்து நாளாகிறது. அம்மா சுகமாயிருக்கிறாள். மாமிக்கு இடுப்பில் ஆபரேஷன் முடிந்தது, தங்கச்சி சொல்லியிருப்பாள். இரண்டு யூனிட் ரத்தம் கேட்டார்கள். கருங்கலில் இருந்து முன்பின் தெரியாத இரண்டு பயல்கள் பைக்கில் வந்து கொடுத்தார்கள். ஒருத்தனுக்கு 18 முடிந்து ஒரு மாதம்தானாம். ஆளுக்கொரு சாயா குடித்தார்கள், போய்விட்டார்கள். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. உனக்கு வேலை இருக்கும். பதவி உயர்வு வந்ததை அம்மா தெருவெல்லாம் சொல்லியாயிற்று, நானும்தான். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

தங்கச்சியின் பி.எட். நோட்டைப் புரட்டினேன். வார்னெக்கன், டொமசெல்லோ என்று இரண்டு பேர் ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். கை நிறையப் புத்தகத்தோடு ஒரு ஆள் அலமாரிக் கதவில் போய் முட்டுவார். ஒன்றரை வயதுப் பிள்ளை, யாரும் சொல்லாமலே வந்து திறந்துவிடும். இது 2006-ல். எனக்கு அதில் அதிசயமில்லை. மாமி முற்றம் பெருக்கும்போது நீ ஓலையை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போவாய்.

2008-ல் செய்ததுதான் தூங்கவிடவில்லை. உதவி செய்த பிள்ளைகளில் சிலருக்குப் பரிசு, சிலருக்குப் பாராட்டு, சிலருக்கு ஒன்றுமில்லை. 20 மாதப் பிள்ளைகள். பரிசு வாங்கினதுகள்தான் பிறகு உதவ எழும்பவில்லையாம், மற்றவர்கள் அளவுக்கு.

சுனாமிக்கு கொட்டில்பாட்டுப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். கிறிஸ்மஸுக்கு எடுத்த சிவப்புச் சட்டை, ஒரே ஒரு தடவை போட்டது, அதை நீயாக ஒரு பையனுக்குக் கொடுத்தாய். ஆறு வயது உனக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லா வாத்தியார்களும் பார்க்க ஐம்பது ரூபாயை உன் கையில் வைத்தேன். மறுநாள் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "இதக் குடுத்தா எவ்வளவு தருவிய அப்பா?" எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். பிழைக்கத் தெரிந்த பயல் என்று போன வருஷம் வரை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பையனுக்குச் சட்டை பொருந்தியதா என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மாமி எதுவும் கேட்கவில்லை. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா