பொருள்: இன்வர்ட்டர் பேட்டரியின் தமிழ்ப் பராமரிப்புக் கையேடு குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி எங்கள் வீட்டில் இருக்கிறது. அதோடு கொடுத்த தமிழ்க் கையேட்டைப் பற்றித்தான் இந்தப் புகார்.

ஆறாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மின்கலத்தின் நீர்மட்டமானது குறிப்பிட்ட கால இடைவெளியில் பரிசோதிக்கப்பட்டு, குறைந்துள்ளதாகக் காணப்படும் பட்சத்தில், மூடிகள் அகற்றப்பட்டு, உரிய அளவிற்குக் காய்ச்சி வடிகட்டிய நீர் நிரப்பப்படுதல் வேண்டும்."

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது? நீர்மட்டம் காட்டும் மிதவையின் எந்தக் கோடு வரை ஊற்றுவது? சார்ஜ் ஏறும் முன்பா, பின்பா? எதற்கும் பதில் இல்லை. சார்ஜ் ஏற ஏற உள்ளே மட்டம் உயரும். அதனால் முழுதாக ஏறிய பிறகே மேல் கோடு வரை ஊற்ற வேண்டும். பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடு நீருக்கு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் எலக்ட்ரீஷியன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதற்குள் ஒரு நீண்ட பவர்கட்டின்போது, கையேட்டில் உள்ளபடியே என் மாமனார் நிரப்பிவிட்டார். கரண்ட் வந்து சார்ஜ் ஏறியதும் ஆசிட் வழிந்து, பேட்டரிக்குக் கீழே சிமெண்ட் தரை பொங்கி அரித்துப்போனது. அளவுக்கு மேல் ஊற்றியதற்கு வாரண்டி கிடையாது என்கிறார் உங்கள் டீலர். அளவு எது என்று நீங்கள் சொல்லவே இல்லையே!

இதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், நெருப்பு பக்கத்தில் கூடாது என்ற எச்சரிக்கை ஒன்பதாம் பக்கத்தில், 'பொதுக் குறிப்புகள்' என்ற தலைப்பின் கீழ் கிடக்கிறது. ஆறாம் பக்கத்திலேயே மூடியைத் திறந்துவிட்டவர் அதை எப்போது படிப்பார்? இன்வர்ட்டரும் நின்றுபோன இருட்டில், மெழுகுவத்தியோடு பேட்டரியைக் குனிந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற எழுத்து விதிமுறை இருக்கிறது. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டது அது. செய்முறை வாக்கியம் 20 சொற்களுக்குள் இருக்க வேண்டும், பொதுவாக ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைதான், எச்சரிக்கை தெளிவான கட்டளையோடோ நிபந்தனையோடோ தொடங்க வேண்டும் என்கிறது. தமிழில் இப்படி எழுத, எச்சரிக்கையை வேலைக்கு முன்னால் வைக்க என்ன தடை?

"பக்கத்தில் நெருப்பு வேண்டாம். சார்ஜ் முழுதாக ஏறிவிட்டதா பாருங்கள். இன்வர்ட்டரை அணையுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். மூடியைத் திறங்கள். மிதவை மேல் கோட்டுக்கு வரும்வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றாதீர்கள்."

அந்தப் பக்கத்தைத் திருத்தி அச்சிடுங்கள். அதுவரை, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு தனித்தாளாவது அனுப்புங்கள். எங்கள் பேட்டரியைச் சோதிக்க ஆள் அனுப்பி, வாரண்டி பற்றிய முடிவை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்