தயங்குவது நாங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக மனநல நாளையொட்டி நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். 'மனநலச் சிகிச்சைக்கு முன்வர மக்கள் இன்னமும் தயங்குகிறார்கள்' என்று அதில் ஒரு வரி. சென்னையில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் தோன்றும்.

என் தம்பிக்கு பைபோலார், அதாவது மனம் ஒரு சமயம் அளவுமீறிப் பொங்கி, இன்னொரு சமயம் அடியோடு சோர்ந்துவிடும் நோய். நாங்கள் தயங்கவே இல்லை ஐயா. அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று உள்ளே போனால் நாற்காலி காலி. "டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரி முகாமுக்குப் போயிருக்காரு, வியாழக்கிழமை வாங்க." வியாழக்கிழமை போனால் அன்றைக்குச் சான்றிதழ் கொடுக்கிற நாள். மாவட்டம் முழுக்க ஒருவரே ஓடினால் அவரும் என்னதான் செய்வார், அவரைக் குறை சொல்லவில்லை.

அப்புறம் தனியார். மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர். பீஸ் எழுநூறு. "தூக்கம் வருதா? மாத்திரை ஒழுங்கா போடுறாரா?" அவ்வளவுதான், அடுத்த டோக்கன். அவர் எழுதும் கம்பெனி மாத்திரை கீழே இருக்கும் கடையைத் தவிர ஊரில் வேறெங்கும் கிடைக்காது. என்ன ராசியோ! இந்த நோய்க்குத் தருகிற லித்தியம் அப்படியொன்றும் விலை கூடிய மருந்து இல்லை. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு கூடினால் விஷம், குறைந்தால் பிரயோஜனம் இல்லை. அதனால் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்; தைராய்டு, கிட்னியும் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் லேபில் ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள். ரிசல்ட் வருவதற்குள் டாக்டரின் ஞாயிறு போய்விடுகிறது. செலவு என்றால் உங்கள் கட்டுரையாளருக்கு மருந்துச் சீட்டு மட்டும்தான் தெரிகிறது. டெஸ்ட், பஸ், போன நாளின் சம்பளம் எல்லாம் யார் கணக்கு?

அம்மாவின் சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல விஷயம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். கொண்டுவரும் பெண்ணிடம் தம்பியின் மாத்திரையைக் கேட்டேன். "அது எங்க லிஸ்ட்ல இல்லக்கா" என்றாள்.

கட்டுரைக்கு அடியில் பெட்டி கட்டி ஓர் உதவி எண்ணும் கொடுத்திருந்தீர்கள். கூப்பிட்டேன். மிகவும் கனிவாகப் பேசினார்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள்.

விழிப்புணர்வு பற்றி நீங்கள் பாடம் எடுப்பதுதான் வேடிக்கை. எத்தனை வருடம் உங்கள் ஜோக் பக்கத்தில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' ஓடியது! 1794-இல் தொடங்கிய அந்த மனநல ஆஸ்பத்திரி, உங்களுக்குச் சிரிப்பதற்குத்தான் பயன்பட்டது. தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடுகிற ஏர்வாடியில், ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டவர்கள் ஓட முடியாமல் மாண்டார்கள். மொத்தம் 28 உயிர். அப்போதும் மூடநம்பிக்கை என்றுதான் தலையங்கம் எழுதினீர்கள். பக்கத்தில் டாக்டர் இல்லாமல் அங்கே போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றவில்லை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவைத் தாங்கள் அறியாதவரா? மாவட்டத்தில் அரசுச் சேவை இல்லையென்றால், அங்கேயே வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம், செலவை அரசு ஏற்க வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தை எந்த அலுவலகத்தில், யாரிடம் கேட்பது? இதே சட்டம் உடல்நோயைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. எங்கள் ஏஜெண்ட் சிரித்தார்.

சரி, ஆசிரியரிடம் கேட்டு ஆகப்போவது என்ன! ஒன்று மட்டும் செய்யுங்கள். மாவட்டச் செய்திப் பக்கத்தில் மின்தடை அறிவிப்பு போடுகிறீர்களே, அதன் பக்கத்திலேயே, இந்த வாரம் மனநல டாக்டர் எந்தக் கிழமை எந்த ஆஸ்பத்திரியில் இருப்பார், என்னென்ன மாத்திரை இருப்பில் இருக்கிறது என்று நாலு வரி போடுங்கள். சும்மா போய்த் திரும்புகிற பஸ் காசாவது மிஞ்சும்.

என் பெயரைப் போட வேண்டாம். தம்பி வேலை பார்க்கும் கடை முதலாளி உங்கள் சந்தாதாரர்.

இப்படிக்கு,
தென்மாவட்ட வாசகி ஒருத்தி