மல்லி படம் பாத்தேன் பாப்பா

பாப்பா,

போன வாரம் போன்ல சொன்னியே, சந்தோஷ் சிவன் எடுத்த 'தி டெரரிஸ்ட்', 1998ல வந்த படம், நேத்து ராத்திரி அப்பா தூங்கினப்புறம் ஹால்ல தனியா உக்காந்து பாத்தேன். தீவிரவாதிக்கு வக்காலத்து வாங்குற படம்னு நீ கோவமா சொன்ன. எனக்கு அப்படி தோணல டா.

மல்லிக்கு 19 வயசுதான், குண்ட கட்டிக்கிட்டு சாகப்போற பொண்ணு. கேமரா அவ மூஞ்சிய விட்டு நகரவே மாட்டேங்குது, அவ மூச்சு சத்தம் நம்ம காதுகிட்டயே கேக்குது. எந்த நாடு எந்த இயக்கம்னு எதுவும் சொல்லல, கொல்லப்போற தலைவரு பேரும் இல்ல. கண்ணிவெடி காட்டுல அவளுக்கு வழி காட்டுறானே லோட்டஸ்னு ஒரு பொடியன், அவன பாத்து அழுதுட்டேன். ஆனா அவ மாசமா இருக்கான்னு தெரியவர்ற இடத்துல என்னால முடியல, நிறுத்திட்டு போய் தண்ணி குடிச்சேன்.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்திய ஒரு பொண்ணு குண்ட கட்டிக்கிட்டு வந்து கொன்ன ராத்திரி, நீ என் வயித்துல எட்டு மாசம். நாம அப்ப காஞ்சிபுரத்துல இருந்தோம், ஸ்ரீபெரும்புதூர் என்ன தூரம், விடியறதுக்குள்ள தெருவெல்லாம் விஷயம் தெரிஞ்சு போச்சு, கடை இல்ல பஸ் இல்ல, உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பாட்டி என்னை வாசப்படி தாண்ட விடல. எதிர்வீட்டு போலீஸ்காரரு அன்னைக்கு அங்க பந்தோபஸ்து. உசுரோட வந்தாரு, ஆனா காது போச்சு. அதுக்கப்புறம் அவரு சம்சாரம் சாப்பிட கூப்பிடணும்னா பக்கத்துல போய் தோள தட்டித்தான் கூப்பிடும், அத நான் வருஷக்கணக்கா ஜன்னல் வழியா பாத்திருக்கேன்.

ராஜீவ் காந்திகிட்ட கவிதை படிச்சு காட்டின ஒரு சின்ன பொண்ணு, அவளும் அவ அம்மாவும் அதே இடத்துல போயிட்டாங்க. படம் பாக்குறப்போ மல்லி மேல எனக்கு அவ்ளோ பாசம் வந்துச்சு, பெத்தவ இல்லியா, ஆனா கூடவே அந்த கவிதை படிச்ச பொண்ணும் கண்ணு முன்னாடி வந்து நின்னா. ரெண்டும் யாரோ ஒருத்தி பெத்த பிள்ளைங்கதான. மல்லிய அவ்ளோ கிட்டத்துல காட்டினதாலதான் எதிர்ல நிக்கப்போறவங்களையும் எனக்கு நெனைக்க வந்துச்சு, அதனாலதான் வக்காலத்து இல்லன்னு சொல்றேன்.

கடைசியில மல்லியோட விரல் அந்த பட்டன்கிட்ட போகும்போது அழுத்தாதடி அழுத்தாதடின்னு வாய்விட்டே சொல்லிட்டேன், சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்துட்டாரு.

ஞாயித்துக்கிழமை கூப்பிடு, பேசலாம்.

அம்மா